பெயரா வினையா: கோர்படிக் குறிப்புகள்

ஜூன் 23, திங்கள்

கேட் மூடல். புனேயில், எங்கள் கோர்படியின் ரயில்வே கேட். ஒரு கூட்ஸ் போனது. பின்னாலேயே ஷெட்டுக்குத் திரும்பும் தனி என்ஜின். அதற்கப்புறமும் திறக்கவில்லை. ரிக்‌ஷாக்காரர் வண்டியை அணைத்துவிட்டு உள்ளங்கையில் தம்பாக்கு தேய்க்க ஆரம்பித்தார். கம்பெனி பஸ் போச்சு. ஃபாக்டரி இருக்கும் சாக்கண் வரைக்கும் சொந்தக் காசு.

உள்ளே காலை வைத்ததும், சீனாவிலிருந்து வந்திருக்கும் மெஷின் மேஸ்திரி ஷிஃபுவின் குரல். "ஃபான்யி!"

பெயர் கிடையாது. வணக்கம் கிடையாது. ஃபான்யி. மொழிபெயர்ப்பாளரே என்று கூப்பிடுகிறாரா, மொழிபெயர் என்று ஏவுகிறாரா? சீனத்தில் இரண்டுக்கும் அதே சொல். செய்து முடித்த மொழிபெயர்ப்புக்கும் அதேதான். ஆள், வேலை, கடைசியில் கையில் வரும் தாள், மூன்றும் ஒரே ஃபான்யி.

நாள் முழுக்க மோல்டிங் ஷாப் சத்தத்துக்கு மேல் கத்தினேன். தொண்டை கிழிந்தது. அம்மா மிளகு ரசம் வைத்தாள். குடிக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கையேடு வந்துவிட்டது. இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின். ஒரகடம் பிளான்ட்டுக்குத் தமிழில் வேண்டுமாம். கூலி ஆயிரம் சீன எழுத்துக்கு இவ்வளவு. சீனாவில் அதுதான் வழக்கம். தமிழ்ச் சொல்லை எண்ணினால் நீட்டி எழுதுவேன் என்ற பயமாகவும் இருக்கலாம்.

பொருளடக்கத்திலேயே நின்றுவிட்டேன். எல்லாம் இரண்டிரண்டு எழுத்து. சாவ்ஸுவோ. பாவ்யாங். ஜியன்ச்சா. இயக்கு என்பதா, இயக்கம் என்பதா, இயக்குதலா? சீனம் வாயைத் திறக்கவில்லை. விகுதி இல்லை, வேற்றுமை உருபு இல்லை, எழுத்து அப்படியே நிற்கிறது. முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்த்து நாமே முடிவுகட்ட வேண்டும். தலைப்பில் முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை.

இயக்குதல், பராமரித்தல், சரிபார்த்தல். தல், தல், தல். பக்கம் முழுக்கத் தல். அடித்துவிட்டுப் படுத்தேன்.

ஜூன் 25, புதன்

மழை. பஸ்ஸில் என் சீட்டுக்கு மேல் மட்டும் ஒழுகுகிறது.

ஸுவோ. கதவில் தொங்குவதும் ஸுவோ, அதைப் பூட்டுவதும் ஸுவோ. இதற்குத் தமிழில் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பூட்டைப் பூட்டு. அம்மா தினம் ராத்திரி சொல்வதுதான். முதல் பூட்டு பெயர், இரண்டாவது வினை. இதுவரை யாரும் குழம்பினதில்லை. மராட்டியில் முடியாது. குலூப் லாவ், பூட்டைப் போடு. ஷாப்பில் பீட் மாவட்டத்துப் பையன் ஒருவன், அவனிடம் கேட்டேன். "லாவ் சொல்லாட்டி குலூப் சும்மா தொங்கும் தாயீ" என்றான், பாதி இந்தியில்.

மெஷினில் ஸுவோமோலி என்று ஒன்று. ஸுவோ பூட்டு, மோ அச்சு, லி விசை. உருகின பிளாஸ்டிக் பாயும்போது அச்சின் இரண்டு பாதியும் பிரியாமல் இறுக்கிப் பிடிக்கும் விசை. டன் கணக்கில் சொல்வார்கள். இதில் ஸுவோ பெயரா வினையா? 'அச்சுப் பூட்டுவிசை' என்று போட்டேன். பூட்டின் விசை என்றும் படிக்கலாம், பூட்டிய, பூட்டுகிற, பூட்டும் விசை என்றும் படிக்கலாம். வினைத்தொகை. சுடுசோறு, ஊறுகாய், பூட்டுவிசை. காலத்தை ஒளித்துவைக்க நமக்கும் தெரியும்.

சந்தோஷம். மூன்று எழுத்துக்கு இவ்வளவு சந்தோஷம் அதிகம்தான். தொண்டை அப்படியே.

ஜூன் 26, வியாழன்

ஃபான்யி. ஃபான்யி. ஃபான்யி.

மேனேஜர் மராட்டியும் இந்தியும் கலந்து திட்டுகிறார். ஷிஃபு பல்லைக் கடித்துக்கொண்டு பதில். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் பேசுகிறார்கள். என் பக்கம் யாரும் திரும்புவதில்லை. கோபம் மட்டும் என் வாயால் போகிறது, என் வாயால் வருகிறது.

மாதவிலக்கு, முதல் நாள். இடுப்பு விட்டுப் போகிறது. நாற்காலி கேட்க வெட்கம். கேட்கவில்லை. நின்றே ஃபான்யி.

ஜூன் 27, வெள்ளி

நைனாவிடம் பூட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் வேறெங்கோ போய்விட்டார். பீகிங் ரேடியோ. சிற்றலை. 1963-இல் தமிழ் ஒலிபரப்பை ஆரம்பித்திருக்கிறார்கள். எல்லைச் சண்டை ஓய்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். நைனா கேட்க ஆரம்பித்தது அதற்கு ரொம்பப் பின்னால், ரயில்வே ஷெட்டில் சேர்ந்த புதிதில். சுற்றி நாலு பக்கமும் மிலிட்டரி லைன். தாத்தா எழுந்து வந்து வால்யூமைக் குறைப்பாராம்.

பேசுகிறவர்கள் சீனர்களே, தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு. கலைமகள் என்ற பெயரில் ஒருவர் பின்னாளில் ரொம்பப் பிரபலம். நேயர்கள் எழுதிப் போட்டால் அட்டை வரும். நைனாவுக்கு வந்தது ஒன்று பீரோவில் இருக்கிறது. எடுக்கவில்லை. ஒன்றை இழுத்தால் எல்லாம் சரியும்.

"அவங்க தமிழு சுத்தமா இருக்கும்மா. நம்மளுது மாதிரி கிச்சடி இல்ல."

அப்புறம் சொன்னார். "கோர்படின்னு எழுதிப் பாரு. கோர். படி. ரெண்டுமே வேலை ஏவுதே."

"படி பெயருந்தான் நைனா. மாடிப்படி."

"பஞ்சப்படி" என்றார் உடனே. "பயணப்படி. ராப்படி." ரயில்வே ஆளிடம் படி என்றால் வேறென்ன வரும். ஜூலையில் ஏறுமா என்று இப்போதே கணக்கு. பென்ஷன் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறார்.

ஜூன் 29, ஞாயிறு

பூசை முடிந்ததும் அம்மா எம்ப்ரஸ் கார்டனுக்கு இழுத்தாள். தூறல். சேறு. ஒரு செருப்பு அறுந்தது.

அம்மா மரம் மரமாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். நான் மனசுக்குள் பட்டியல். விதை: பெயரும் உண்டு, வினையும் உண்டு. முளை. துளிர். கிளை. அரும்பு. மலர். பூ. காய். கனி. மண்ணுக்குள் போவதிலிருந்து பழுத்து விழுகிறவரை எல்லாமே இரண்டு வேலையும் செய்கின்றன. இலை மட்டும் மாட்டேன் என்கிறது. எதுவும் இலைப்பதில்லை. வேர் வினையானால் வியர்வை. முதனிலைத் தொழிற்பெயர் என்று இலக்கணத்தில் ஒரு பாராவில் முடித்துவிடுகிறார்கள், அடி, வெட்டு என்று இரண்டு எடுத்துக்காட்டோடு. அடிதடிக்குப் பதில் ஒரு மாமரத்தைக் காட்டியிருக்கலாம்.

சீனத்தில் விதை ஜோங். பெயர் என்றால் குரல் தாழ்ந்து ஏறும். விதைப்பது என்றால் சட்டென்று இறங்கும். எண் ஷூ. அதில் தலைகீழ்: எண்ணுவதற்குக் குரல் தாழ்ந்து ஏறும், எண்ணுக்கு இறங்கும். ஆணி திங், உயரத்தில் சமமாக. அதை அடிப்பதும் திங், இறக்கத்தில். விசிறி ஷான், இறக்கம். விசிறுவது ஷான், சமம். சீனம் படித்த முதல் வருஷம் இதில் அழுதிருக்கிறேன்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பழஞ்சீனத்தில் சொல்லின் வாலில் ஒரு 'ஸ்' இருந்திருக்கிறது. அது தேய்ந்து தேய்ந்து இறங்கு தொனியாக மிஞ்சியது. ஓட்ரிகூர் என்ற பிரெஞ்சுக்காரர் 1954-இல் எழுதியது. பிறகு வந்தவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். ஆக அவர்களுக்கும் ஒரு காலத்தில் விகுதி இருந்திருக்கிறது! ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நிற்கும் எழுத்துகளுக்கு வால் இருந்திருக்கிறது!

"என்னாடி முணுமுணுக்கற?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குச் சிரிப்பு?"

ஜூன் 30, திங்கள்

ஜின்ஷிங் ஜியன்ச்சா. ஒரு பக்கம் விடாமல் ஜின்ஷிங் ஜியன்ச்சா. வெறும் ஜியன்ச்சாவே சரிபார் என்றாகும். அதற்கு முன்னால் ஜின்ஷிங், மேற்கொள். சரிபார்ப்பை மேற்கொள்க. ஆபீஸ் சீனம். ஒரு போல்ட்டை முறுக்கிப் பார்ப்பதற்கு இத்தனை மரியாதை.

ராத்திரி ஜு தெஷியை எடுத்தேன். 1982-இல் வந்த இலக்கண விரிவுரைகள். ஜின்ஷிங்கைத்தான் உரைகல்லாக வைக்கிறார். அதற்குப் பின்னால் வந்து உட்காரக்கூடிய வினைகளுக்குப் பெயர்க்குணமும் உண்டு, மிங்தோங்ஸி, பெயர்வினை என்கிறார். ஆராய்தல் உட்காரும். சரிபார்த்தல் உட்காரும். சாப்பிடு என்ற ஓரசைச் சொல் உட்காராது, அடி உட்காராது.

படித்துவிட்டுச் சிரித்தேன். செக் பண்ணு. நம்ம பண்ணு! கல்யாணம் பண்ணு, போன் பண்ணு, டிரை பண்ணு. எந்த ஊர்ச் சொல் வந்தாலும் பின்னால் ஒரு பண்ணு ஒட்டி வினையாக்கிவிடுகிறோம். ஜின்ஷிங்கும் பண்ணுதான். கோட்டு போட்ட பண்ணு.

ஜூலை 1, செவ்வாய்

ஒரகடத்திலிருந்து மெயில். முதல் அத்தியாயம் திரும்பி வந்தது. "பூட்டவும்னு போட்டா பசங்களுக்கு டக்குனு பிடிபடாது மேடம். லாக் பண்ணவும். சரிபார்க்கவும் வேணாம், செக் பண்ணவும். இயக்கவும் வேணாம், ஆப்பரேட் பண்ணவும்."

கோபம். பூட்டு பிடிபடாதாமா? வீட்டுக் கதவை அந்தப் பையன் என்ன செய்கிறானாம்?

லாக் பண்ணுகிறான். அதுதான் செய்கிறான். இன்று காலை படியிறங்கும்போது நானே அம்மாவிடம் "லாக் பண்ணிக்க" என்றேன்.

மறுபடி கோபம். மத்தியானம் கோபம் போனது. சாயங்காலம் திரும்ப வந்தது. ஒரகடத்துக்காரர் சொன்னதில் தப்பே இல்லை, அதனால்தான் எரிச்சல்.

ஜூலை 2, புதன்

லிங்தாவ் வந்தார், தலைமை ஆபீஸிலிருந்து. லிங்தாவ் என்றால் தலைவர், தலைமை தாங்கு என்றாலும் லிங்தாவ். மேசையில் ஆளுக்கொரு பெயரட்டை. அவருக்கு முழுப் பெயர், பதவி. மேனேஜருக்கு ரோமனில் பெயர். என் அட்டையில் இரண்டு எழுத்து.

ஃபான்யி.

அவருடைய வினை அவர் பெயரைத் தின்னவில்லை. என்னுடையது தின்றிருக்கிறது.

விருந்தில் பக்கத்து நாற்காலி எனக்குத்தான். தட்டும் வைத்தார்கள். வாயில் கவளத்தோடு எப்படி மொழிபெயர்ப்பது? மீன் குழம்பு கண் முன்னால் ஆறியது. பத்தரை மணிக்கு வீட்டில் மோர் சாதம், எலுமிச்சை ஊறுகாய். அம்மா எதுவும் கேட்காமல் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எதற்கென்று தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

கேட் மூடல். தொண்டை. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 4, வெள்ளி

காய்ச்சல். லீவு. சம்பளம் பிடிப்பார்கள்.

பிங். நோய் என்றாலும் பிங், நோயில் விழுந்தாலும் பிங். வோ பிங் லெ. நான் நோய் ஆச்சு. காய்ச்சலில் அதுவே சரியான வாக்கியமாக இருக்கிறது. காய்ச்சல் எனக்கு வந்தது என்று தமிழில் சொன்னால் அது யாரோ விருந்தாளி மாதிரி வந்து நிற்கிறது.

படுத்தபடி மா ஜியன்ஜோங். சீனத்துக்குச் சீனர் எழுதிய முதல் முழு இலக்கணம், 1898. பாரிசில் படித்தவர், லத்தீன் தெரிந்தவர், லத்தீன் சட்டத்துக்குள் சீனத்தை உட்கார வைத்தார். உட்காராத இடத்தில் சொல் கடன் வாங்கப்பட்டது என்றார்: பெயர் வினையின் வேலைக்குக் கடன் போயிருக்கிறது. இதே மனுஷன் 1881-இல் அபின் வரி பேச இந்தியா வந்துவிட்டுப் போனவர். வெள்ளைக்காரனோடு அபின் பேச்சு, அதற்கப்புறம் இலக்கணம். என்ன ஆளோ.

லி ஜின்ஷி, 1924. சொல்லின் வகுப்பு வாக்கியத்துக்குள்தான், வாக்கியத்தை விட்டு வந்தால் சொல்லுக்கு வகுப்பே கிடையாது என்றார். அடுத்து காவ் மிங்கை, 1953. ஒரு படி மேலே போய், சீனத்தின் உள்ளடக்கச் சொற்களை வகுப்புப் பிரிக்கவே முடியாது என்றார். பெரிய சண்டை. பெரும்பாலோர் அவரோடு சேரவில்லை, அவரும் விடவில்லை. எனக்குக் காவைப் பிடித்திருக்கிறது. அவர் சொன்னதை ஒப்புக்கொள்ள முடியவில்லை, பிடித்திருக்கிறது.

தொல்காப்பியரும் பெயர், வினை என்று பிரித்துவிட்டு, இரண்டிலும் தடுமாறி நிற்பதற்கு உரிச்சொல் என்று ஒரு வகை வைத்தாரே. அவர் சண்டை போடவில்லை. இடம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அம்மா நெற்றியில் ஈரத்துணி வைத்தாள். மாத்திரை கசப்பு.

ஜூலை 5, சனி

காய்ச்சல் விட்டது. பண்டார்கர் நிறுவனத்துக்குப் போனேன், அம்மா திட்டத் திட்ட. பாபட்டின் புத்தகத்துக்காக. பெர்குசன் கல்லூரியில் பாலி சொல்லிக்கொடுத்தவர். பௌத்த விநயத்துக்குப் புத்தகோசர் எழுதிய உரையை 5-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சங்கபத்திரர் சீனத்தில் ஆக்கினார். அந்தச் சீனத்தை ஹிரகாவா அகிராவோடு சேர்ந்து பாபட் ஆங்கிலமாக்கினார். பண்டார்கர் வெளியீடு, 1970. அதற்கு முன்பே 1937-இல் விமுத்திமக்கத்தைச் சீன வழியாகவே விசுத்திமக்கத்தோடு ஒப்பிட்டுப் புத்தகம் போட்டவர். இதே புனேயில், டெக்கான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சீன எழுத்து ஒவ்வொன்றாக.

அவரும் தினம் முடிவுகட்டியிருப்பார். இந்த எழுத்து பெயர், இது வினை. ஆனால் அவர் பக்கத்தில் பாலி இருந்தது. பாலியில் வேற்றுமை இருக்கிறது, காலம் இருக்கிறது, சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்கலாம். என் பக்கத்தில் மெஷின்தான். சந்தேகம் வந்தால் பட்டனை அழுத்திப் பார்க்கலாம். பெயரா வினையா என்பதை அது சத்தம் போட்டுச் சொல்லிவிடும்.

திரும்பும்போது பசி. வடாபாவ். தொண்டைக்கு ஆகாது என்று தெரிந்தே பச்சை மிளகாயையும் கடித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஆஷாடி ஏகாதசி. கீழ்வீட்டு மௌஷி சாபுதாணா கிச்சடி கொடுத்தனுப்பினார். இருமலுக்குத் துளசிக் கஷாயமும். விரதம் அவருக்கு, சாப்பாடு எங்களுக்கு.

ஷென் ஜியாஷுவான் படித்துக்கொண்டிருந்தேன். இன்று இருக்கும் இலக்கணக்காரர்களில் பெரியவர். சீனத்தில் பெயர் தனி, வினை தனி என்று இரண்டு வட்டம் போடாதே என்கிறார். பெயர் என்பது பெரிய வட்டம், வினை அதற்குள்ளே ஒரு சின்ன வட்டம். எல்லா வினையும் பெயர்தான், அசைகிற பெயர். எல்லாப் பெயரும் வினை ஆகாது. அதனால் வினைச்சொல் பெயரின் இடத்தில் வந்தால் எதுவும் மாறவில்லை, கடனும் இல்லை, வேஷமும் இல்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறை.

நைனாவுக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார், அல்லது தூங்கினார்.

"அப்ப ஃபிட்டர் பெருசா, ஃபிட்டிங் பெருசா?"

பதில் தெரியவில்லை. அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் ஃபிட்டர் என்று இருக்கும். ரிட்டையர் ஆன பிறகும் எதிர்வீட்டில் ஃபிட்டர் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

நைட் ஷிப்ட். மெஷின் நின்றுவிட்டது, உதிரி வரும்வரை வேலையில்லை. ஷிஃபு சூரியகாந்தி விதை நீட்டினார். உங்கள் வீட்டுப் பக்கம் ரயில் போகிறதாமே, எங்கே போகும் என்றார். சோலாப்பூர் என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கெ தீஹுவா ஊர்!"

டாக்டர் கோட்னிஸ். சீனப் பெயர் கெ தீஹுவா. 1938-இல் காங்கிரஸ் அனுப்பிய வைத்தியக் குழுவில் போனவர், 1942 டிசம்பரில் அங்கேயே இறந்தார், 32 வயசு. ஷிஃபு பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருக்கிறார். இங்கே பீட் பையனுக்குத் தெரியவில்லை. சாந்தாராம் படம் எடுத்தாரே, 1946-இல் என்றேன். "எந்த சாந்தாராம்?" என்றான்.

"அவருக்கு ஃபான்யி கிடையாது" என்றார் ஷிஃபு. "தானே சீனம் கற்றார். சீனத்திலேயே பாடம் எடுத்தார்."

ஃபான்யி கிடையாது. ஆளா, வேலையா? கேட்கவில்லை. மணி மூன்று. விதைத்தோல் தரையெல்லாம். முதல் தடவையாக அந்தச் சொல் காதில் குத்தவில்லை.

ஜூலை 9, புதன்

குத்துகிறது. காலையில் தூக்கமில்லாத தலையில் ஆணி அடித்தாற்போல் மூன்று தரம் கூப்பிட்டார். பரஸ்பர அன்பெல்லாம் நைட் ஷிப்ட்டோடு சரி.

மின்பெட்டிக்கு ஒட்டுத்தாள். பழுது பார்க்கும்போது யாரும் சுவிட்சைப் போட்டுவிடாமல் பூட்டுப் போடும் இடம். சீனத்தில் ஒரே எழுத்து: ஸுவோ. இது பூட்டு என்று காட்டுகிறதா, பூட்டு என்று சொல்கிறதா? ஷிஃபுவிடம் கேட்டேன்.

"இரண்டும்" என்றார். நான் எதற்கு இதைக் கேட்கிறேன் என்றே அவருக்கு விளங்கவில்லை.

பூட்டு. ஒரே சொல். ஒரகடத்துக்கு அனுப்பினேன். "இந்த ஒட்டுத்தாளில் லாக் பண்ணவும் போட்டால் இடம் பத்தாது, எழுத்து சின்னதாகும், தூரத்திலிருந்து தெரியாது" என்று காரணமும் எழுதினேன். உண்மைக் காரணத்தை எழுதவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஷிஃபு கிளம்பினார். விசா முடிகிறது. பீட் பையன் பாகர்வடி வாங்கிக் கொடுத்தான். எனக்குக் கை குலுக்கினார். "ஃபான்யி ஹாவ்" என்றார். நல்ல மொழிபெயர்ப்பா, நல்ல மொழிபெயர்ப்பாளரா, நன்றாக மொழிபெயர்த்தாயா? மூன்றில் எது என்று பஸ் முழுக்க யோசனை.

வாக்கியத்தை விட்டு வந்தால் வகுப்பு இல்லை. கோர்படி ஸ்டாப்பில் இறங்கினேன். கொத்துமல்லி, கால் கிலோ பீன்ஸ்.

ஜூலை 13, ஞாயிறு

நைனாவுக்குப் புதுப் பழக்கம். ஈசிசேரில் இருந்தபடி, "ஃபான்யி! காபி!"

என் பெயரட்டையைப் பார்த்துவிட்டார் போல. டி.வி.மேல் அவரே நிறுத்தி வைத்திருக்கிறார், தலைகீழாக. நான் சமையலறையிலிருந்து "வரேன்" என்றேன். சொன்ன பிறகுதான் கோபம் வந்தது. அம்மா சிரிக்கிறாள். ரெண்டு பேர் மேலும் கோபம். காபி போட்டேன்.

ஜூலை 16, புதன்

ஒரகடத்திலிருந்து பதில். சொன்னபடி மாற்றிய அத்தியாயங்கள் எல்லாம் சரியாம். ஒட்டுத்தாளைப் பசங்களிடம் காட்டினார்களாம். "பூட்டுன்னே இருக்கட்டும் மேடம். பார்த்ததும் பூட்டிடறானுங்க."

இரண்டு தரம் படித்தேன். சொல்லப்போனால் சொல் என்ற சொல்லே அப்படித்தானே. பெயரும் அதுதான், ஏவலும் அதுதான். இதற்குச் சீனத்தில் இரண்டு தனித்தனிச் சொல் வேண்டும். இந்த ஓரிடத்தில் நாம் ஜெயித்தோம். யாரோடு போட்டி என்று கேட்டால் தெரியாது.

தொண்டை சரியாகிவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

புது ஆள் வந்திருக்கிறார். சின்ன வயசு. போனில் ஆப் வைத்து அதனிடம் பேசுகிறார், அது இந்தியில் சொல்கிறது. ஜியன்ச்சாவை எல்லா இடத்திலும் 'ஜாஞ்ச்' என்றது. பெயராகவே. மேனேஜர், "ஜாஞ்ச்? கிஸ்கி ஜாஞ்ச்?" என்று பயந்துவிட்டார். யாரோ விசாரணைக்கு வருகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

"ஃபான்யி!" இரண்டு பேரும் ஒன்றாக.

போனேன். உட்கார நாற்காலி கேட்டேன். கொடுத்தார்கள்.

ஜூலை 25, வெள்ளி

கையேட்டுக்குப் பணம் வந்துவிட்டது. சீன எழுத்தை எண்ணி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று, பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்தம் போக. ஸுவோ எத்தனை இடத்தில் பூட்டு, எத்தனை இடத்தில் பூட்டுவது என்று பில்லில் பத்தி கிடையாது. இரண்டுக்கும் ஒரே ரேட்.